பிரசீதா கடையின் கல்யாணக் கார்டுகள்

பாறசாலைப் பக்கம் கல்யாணக் கார்டு என்றால் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். இரண்டையும் பிழையில்லாமல் அடித்துத் தருவது பிரசீதாவின் டி.டி.பி. கடை. கல்யாணம் முடிந்து பல வருஷம் கழித்தும் ஆட்கள் அவளைத் தேடி வருவார்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனால் ஆபீசில் கார்டு கேட்பார்கள். வீட்டில் ஒருத்தரும் ஒன்றைக்கூட எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அவள்தான் பழைய கம்ப்யூட்டரைத் துழாவ வேண்டும்.

துழாவிச் சலித்துத்தான் வெப்சைட் செய்யத் துணிந்தாள். பெயரை அடித்தால் கார்டு போனிலேயே வந்துவிட வேண்டும். சொல்லித்தருகிற வீடியோப் பையனுக்கு எல்லாமே ஈஸி. அவளுக்கோ எரிச்சல் தலைக்கேறியது. வெப்சைட் எழுதுகிற எடிட்டரை இறக்கினால், உன் விண்டோஸ் பழசு என்றது. சரி, எல்லாவற்றையும் அழித்துப் புதுசு போடுவோம் என்று கார்டுகளை ஒரு பென்டிரைவுக்கு மாற்றினாள். புது விண்டோஸ் ஏற்ற இன்னொரு பென்டிரைவ். இரண்டும் ஒரே கறுப்பு. போன் நெட் கேரளத்து டவருக்கும் தமிழ்நாட்டு டவருக்கும் மாறி மாறித் தாவி, பாதி இறங்கியதை அம்போவென்று விட்டது. டேட்டாபேஸ் அவள் கொடுத்த பாஸ்வேர்டையே தப்பு என்றது. போதாக்குறைக்கு, எதைத் தொட்டாலும் ஒரு பெட்டி வந்து ‘உறுதிதானா?’ என்று கேட்டது. வாசிக்கவும் பொறுமையில்லாமல், ஆமா, தொலை என்று அமுக்கிக்கொண்டே போனாள்.

ஒருவழியாக அவளுடைய வெப்சைட் பக்கம் திரையில் வந்து நின்ற நேரத்தில்தான் குளத்தூர் கடற்கரையிலிருந்து பெர்த்தா வந்தாள். மகள் ஷைனாவின் புருஷன் வெளிநாட்டில் இருக்கிறான். மகளும் போக விசா வேண்டும், விசாவுக்குக் கல்யாணப் பதிவு வேண்டும். கடல் வீட்டுக்குள் ஏறியபோது ஆல்பமும் கார்டும் பெட்டியோடு போய்விட்டன. பிரசீதாவிடம் இருக்கும் என்ற தைரியத்தில் பஸ் ஏறியிருக்கிறாள்.

“ரெண்டு நிமிஷம் இரிங்க அக்கா. இனி நீங்க இவ்வளவு தூரம் வரவே வேண்டாம்” என்று பெருமையாகச் சொல்லிப் பென்டிரைவைச் செருகினாள் பிரசீதா.

காலி. மற்றதைச் செருகினாள். அதில் விண்டோஸ் மட்டும் இருந்தது. இந்தப் பென்டிரைவில் உள்ளதெல்லாம் அழியும், சரியா என்று கேட்ட பெட்டி அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்கும் அவள் ஆமா என்றுதான் அமுக்கியிருந்தாள். கார்டுகள் இருந்த பென்டிரைவிலேயே விண்டோஸை ஏற்றியிருக்கிறாள். கம்ப்யூட்டரைத் தூக்கி ரோட்டில் எறியலாம் போல வந்தது. தன் கன்னத்தில் தானே அறையலாம் போலவும் வந்தது.

“அக்கா, போச்சு. ஊருக்க கார்டு மொத்தமும் போச்சு” என்றாள்.

பெர்த்தா திட்டவில்லை. பளபளவென்று நின்ற அந்தப் புதுப் பக்கத்தைக் கையால் காட்டிக் கேட்டாள்.

“எங்க வீட்டுல கடலு கேறிச்சு, எல்லாம் போச்சு. ஒனக்க கடையில என்னது கேறிச்சு மக்கா?”