பிறந்த வீட்டுக் கோடி

"இனிமே வூட்டுலயே வச்சிப் பாத்துக்குங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய பிறகு என் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றுதான். ஒரு நாள் வண்டியில் உட்கார வைத்து அவளுடைய சனங்களை எல்லாம் காட்டிக் கூட்டி வர வேண்டும் என்றாள்.

அவளுக்குக் கருப்பையில் கட்டி. எடுத்தும் நிற்கவில்லை, ஈரலுக்குப் போய்விட்டது. நான் படித்தது எட்டாவது வரைக்கும்தான். டாக்டர் காட்டிய படத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்களுக்கு வில்லியனூர் பக்கம். கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் கரும்பும் வைத்திருக்கிறோம். அன்று காலையில் கோயிலுக்குப் போய் அப்பன் சந்நிதியில் நின்றுவிட்டு, விபூதியை மடித்து எடுத்து வந்து அவள் நெற்றியில் பூசினேன். அவள் ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பைக்குள் ஒரு புதுப் புடவை. பச்சை நிறம், அரக்குக் கரை. அதைத் தம்பியிடம் கொடுக்க வேண்டும்.

தம்பி வீட்டில் கட்டிக்கொள்ள அல்ல. அவளுக்கே போடுவதற்கு. எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும். தாய் தகப்பன் இல்லையென்றால் கூடப்பிறந்தவன் கொண்டுவர வேண்டும். அந்தக் கோடி மேலே விழுந்த பிறகுதான் மற்றவர்கள் போடுவார்கள். அது வராமல் போனால், நாதியில்லாமல் போனாள் என்று ஊரே பேசும்.

தம்பி எங்களோடு பேசி வருஷக்கணக்காகிவிட்டது. அவன் திருவாண்டார்கோயிலில் இருக்கிறான், பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டு வேலை. அவன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தபோது அத்தை என்ற முறைக்கு இவள்தான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். அன்று மழையில் எங்கள் வண்டி நின்றுபோய், போய்ச் சேர நேரமாகிவிட்டது. நல்ல நேரம் முடிகிறதே என்று வேறொருத்தியை ஊற்ற வைத்துவிட்டார்கள். இவள் பந்தல் வரைக்கும் போய் அப்படியே திரும்பி வந்துவிட்டாள். சாப்பிடாமல் போனாளே என்று அவனுக்குக் கோபம். காத்திருக்கவில்லையே என்று இவளுக்குக் கோபம்.

இப்போது அந்த மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தான். பந்தக்கால் நட்டுவிட்டால் கல்யாணம் முடிகிறவரை அந்த வீட்டார் சாவு வீட்டில் கால் வைக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் அவனைப் பார்த்துப் புடவையைக் கையில் கொடுத்து, யார் மூலமாவது அனுப்பி வை என்று கேட்டுவிட வேண்டும் என்று இவள் நினைத்திருந்தாள்.

"மொதல்ல பாகூர்ல அக்கா, அப்புறம் மணப்பட்டு, கடைசியாத்தான் தம்பி" என்றாள். "அவன் வூட்ல எவ்ளோ நேரம் ஆவும்னு சொல்ல முடியாது. அழுவான்."

"அழாம வெரட்டி வுட்டான்னா?"

"அப்ப வெளிச்சம் இருக்கும்போதே வூட்டுக்கு வந்துடலாம்."

பாகூரில் அவளுடைய அக்கா, பெரியம்மா மகள், எங்களைப் பார்த்ததும் அழவில்லை. "இன்னாடி, ஏதோ கொழந்தய பின்னாடி ஒக்கார வச்சிகினு வராருன்னு பாத்தேன். தலமுடிய எங்கடி போட்ட?" என்றாள்.

"திருப்பதிக்குக் குடுத்துட்டேன்."

"எங்களுக்குச் சொல்லாம போனியே, லட்டு எங்க?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். இவள் அரை இட்லி தின்றாள். பிறகு அக்கா பின்பக்கம் போய் ரொம்ப நேரம் பாத்திரம் கழுவினாள். கழுவுவதற்கு அவ்வளவு பாத்திரம் இல்லை.

மணப்பட்டில் இருந்தது இவளுடைய சிநேகிதி. மீன்காரக் குடும்பம். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கையில் இருந்து, சாமி புண்ணியத்தில் பிழைத்து எழுந்தவள். அவள் தெருவில் திரும்பியதும் சாமியானா தெரிந்தது. மேளம் கேட்டது. செத்திருந்தது அவள் புருஷன். விடியற்காலையில் வலையைத் தோளில் தூக்கியவர் அப்படியே மணலில் சாய்ந்துவிட்டாராம்.

நான் வண்டியை நிறுத்தினேன். "திரும்பிடலாம். கல்யாண வூட்டுக்குப் போற நாளு. இந்தத் தீட்டோட அங்க எப்படிப் போறது?"

"ஆஸ்பத்திரில எனக்கும் சேத்துக் கஞ்சி கரச்ச மனுஷன். மூஞ்சியப் பாக்காம போவச் சொல்றீங்களா?" என்று இறங்கிவிட்டாள்.

சிநேகிதி இவளைக் கட்டிக்கொண்டு, "ஒனக்கு யாருடி சேதி சொன்னாங்க?" என்றாள்.

"யாரும் சொல்லலடி. சும்மா ஒன்னப் பாக்கத்தான் வந்தேன்."

"நீயா நானா யாரு மொதல்லன்னு பேசிகினு கெடந்தமே. நமக்குக் கஞ்சி குடுத்தவரு முந்திகினாரே."

இவளால் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. நான் கண்ணைக் காட்டினதும் எழுந்து வந்தாள்.

வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, தம்பி வீட்டுக்கு நாளைக்குப் போகலாம் என்றேன்.

"நாளைக்கு என்னால வண்டியில ஏற முடியாது. வழியில எங்கனா மோட்டார் ஓடுதான்னு பாருங்க."

ஒரு கரும்புத் தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்தவரிடம் சாவுக்குப் போய் வருகிறோம் என்றதும் அவர் ஒன்றும் கேட்காமல் வரப்பு வழியாக நடந்து போய்விட்டார். தொட்டிக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்து நான்தான் வாளியால் மொண்டு ஊற்றினேன். ஈரப் புடவைக்குள் அவள் எலும்பெல்லாம் தெரிந்தது. பல் கிட்டிப்போய் நடுங்கினாள். சிவாயநம, சிவாயநம என்று சொல்லிக்கொண்டே ஊற்றினேன். எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

பிறகு என் தலையிலும் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டேன். அவளுக்கு மாற்றுத் துணி எடுத்து வரவில்லை. பையில் இருந்தது அந்தப் புடவை ஒன்றுதான்.

"அது கோடியாச்சே" என்றேன்.

"தெரியுது. வேற இன்னா இருக்குது, குடுங்க" என்று வாங்கிக்கொண்டு கரும்பு மறைவுக்குப் போனாள்.

நாங்கள் போனபோது தம்பி ஸ்டூலில் ஏறி வாசல் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். இறங்கி வந்தான். "வாங்க மாமா" என்று என்னைப் பார்த்து மட்டும் சொன்னான். அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, ஏதாவது பேச வேண்டுமே என்று நினைத்து, "பொடவ நல்லா இருக்குது அண்ணி. புதுசா?" என்றாள்.

"புதுசுதாம்மா. எனக்குக் கோடி போடறதுக்காவ ஒன் வூட்டுக்காரன் கையில குடுக்கலாம்னு எடுத்தது."

பிரஷ்ஷிலிருந்து பெயிண்ட் அவன் காலில் சொட்டியது.

"வழியில ஒரு சாவு தம்பி. குளிச்சிட்டு இத்தயே கட்டும்படியாப் போச்சி. கட்டுனதக் கோடியாப் போடக் கூடாது. இனிமே நீதான் வேற எடுக்கணும்."

"கல்யாண வூட்ல வந்து பேசற பேச்சாக்கா இது?"

"வேற எங்க போய்ப் பேசறது? எனக்குப் பொறந்த வூடு இதானே."

"நீ கல்யாணத்துக்கு வந்து ஆலாத்தி எடு. மத்தத வுடு."

"இருந்தா எடுக்கறேன்."

அவன் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஸ்டூலில் ஏறி, அடித்த இடத்திலேயே மறுபடியும் அடிக்க ஆரம்பித்தான். இவள் அவன் மனைவியிடம், "அன்னிக்குச் சாப்புடாமப் போயிட்டேன். இன்னிக்குப் போடும்மா" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சோறு இறங்கவில்லை. இரண்டு வாய் தின்றுவிட்டு, இலையில் மீதி வைக்கிறேனே என்று வருத்தப்பட்டாள்.

அரியூர் தாண்டும்போது என் முதுகில் சாய்ந்துகொண்டு, "போடுவானா?" என்றாள்.

"போடுவான்."

"வாயத் தெறந்து சொல்லலியே."

அதற்குப் பிறகு அவள் வண்டியில் ஏறவில்லை. தம்பி வீட்டில் பந்தக்கால் நட்ட மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தாள். அவனுக்குப் போன் செய்தேன். கேட்டுக்கொண்டான். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டான்.

பாகூர் அக்கா வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவன் வரலன்னா இருக்கட்டும்னு நானும் ஒண்ணு எடுத்தாந்திருக்கேன்" என்றாள். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்பட்டார்கள். குளிப்பாட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். பிறந்த வீட்டில் யாரும் வரவில்லையா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவரும் கேட்டார்.

அப்போது, தெருக்கோடியில் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் யாரோ நிற்கிறார் என்று சொன்னார்கள். அவன்தான். துண்டால் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தான். அதற்கு மேல் ஓரடி உள்ளே வரவில்லை. மகள் கல்யாணம். அவனை யார் என்ன சொல்ல முடியும்? அக்கா போய் அவன் கையிலிருந்த புடவையை வாங்கிக்கொண்டு வந்து இவள் மேல் போட்டாள். மஞ்சள் புடவை. அதன் பிறகு மற்றவர்கள் போட்டார்கள். அக்கா கொண்டுவந்தது அவள் பையிலேயே இருந்துவிட்டது.

பாடை அந்த வழியாகப் போனபோது அவன் விலகாமல் நின்றான். கையெடுத்துக் கும்பிட்டான். கிட்டே வந்து முகத்தைப் பார்க்கவில்லை. வழியில் எங்கேயோ குளித்துவிட்டு ஈரத் துணியோடு வீட்டுக்கு வந்தார் என்று அவன் மனைவி பிறகு ஒரு நாள் சொன்னாள்.

இப்போதும் கோயிலுக்குப் போனால் எனக்காக எதுவும் கேட்பதில்லை. போட்டான் அப்பனே, அவளிடம் சொல்லிவிடு என்பதைத்தான் முதலில் சொல்கிறேன்.