மக்காச்சோளக் காட்டில் என்டெலோடான்

எனக்கு ராஜபாளையத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று மனித முகங்களையே பார்த்துச் சலித்தவன் நான். அதனால் போனில் ஒருநாள் என்டெலோடானைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மனிதன் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே அற்றுப்போன விலங்கு. பார்க்கப் பன்றி மாதிரி, ஆனால் தாடை நீளம். கன்னத்தில் எலும்பு புடைத்து நிற்கும். கிழங்கு, கறி, எலும்பு எதையும் விடாதாம். இதைக் கண்டால் இந்தக் காலத்துக் காட்டுப்பன்றி என்ன செய்யும்? ஓடுமா, சொந்தக்காரன் என்று நிற்குமா? இரண்டு நாளாக இந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தது.

சோதித்துப் பார்க்க இடம் இருந்தது. வ. புதுப்பட்டியில் அக்கா மக்காச்சோளம் போட்டிருந்தாள். அத்தான் பட்டாளத்தில், வெள்ளாமை முழுக்க அவள் பாடு. போன வருடம் பாதிக்குமேல் பன்றி தின்றுவிட்டது. இந்தத் தடவையும் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். மற்றவர்களைப் போல அவளும் சோளக்காட்டைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டியிருந்தாள். மனித வாடைக்கும் ஆடுகிற நிறத்துக்கும் பன்றி ஒதுங்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

எட்டடிக்குப் பன்னிரண்டடி ஃப்ளெக்ஸில், வாயைப் பிளந்த என்டெலோடானை அடித்து எடுத்துப்போனேன்.

"என்னலே இது?" என்றாள் அக்கா.

"பன்னிக்கெல்லாம் பாட்டன் மாதிரிக்கா. எப்பவோ செத்துப்போச்சு."

"செத்ததுக்கு உசுரோட இருக்கது எதுக்குலே பயப்படணும்?"

"வச்சுப் பாப்போம்க்கா. ஓடலைன்னா என்னைக் கேளு."

மலைப்பக்கம், பன்றி இறங்கும் தடத்துக்கு நேராகக் கம்பு நட்டுக் கட்டினேன். அதோடு நின்றிருக்கலாம். முன்னால் தொங்கிய சேலைகள் படத்தை மறைத்தன. அச்சு அவ்வளவு நன்றாக வந்திருந்தது. மறைத்தால் மனசு கேட்குமா? அந்தப் பக்கத்துச் சேலைகளை அவிழ்த்துச் சுருட்டி வரப்பில் வைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் போனில் கூப்பிட்டாள். "வந்து பாரு" என்று மட்டும் சொன்னாள். போனால், அந்தப் பக்கத்துச் சோளம் அத்தனையும் சாய்ந்து கிடந்தது. என்டெலோடானின் காலடி வழியாகவே பன்றிகள் நுழைந்திருந்தன. ஃப்ளெக்ஸின் கீழோரமெல்லாம் சேறு. முதுகு தேய்த்துவிட்டுப் போயிருக்கின்றன. நான் சுருட்டி வைத்த சேலைகள் அக்கா கையில் இருந்தன.

சாயங்காலம் மறுபடி போனை எடுத்து இன்னும் கொஞ்சம் படித்தேன். அது பன்றி இனமே இல்லையாம். நீர்யானைக்கும் திமிங்கலத்துக்கும்தான் நெருக்கமாம். நான் முதல் பத்தியோடு நிறுத்தியிருந்தேன். பன்றிகளுக்கு இது எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று தோன்றியது. அந்த வேதனையிலும் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அறுவடையின்போது போனேன். அக்கா அந்த ஃப்ளெக்ஸையே களத்தில் விரித்து, தப்பிய கதிர்களை அதன்மேல் காயப் போட்டிருந்தாள். பிளந்த வாய் நிறையக் கதிர்.

"எம்புட்டுத் தின்னும் வாயை மூடுதா பாரு" என்றாள்.

குத்தகைப் பேச்சை நானே எடுத்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவள் கதிரைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த வெள்ளாமைக்கு உன் பொண்டாட்டிகிட்டப் பழைய சேலை இருந்தா வாங்கிக் குடுத்துவிடு. வேலியில நானே கட்டுதேன். நீ மட்டும் காட்டுப்பக்கம் வந்துராத."