ஓடைக்கு அந்தப் பக்கம் பங்கனப்பள்ளி

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தரை மணி. திருப்பதி பேருந்து நிலையத்தில் என்னோடு இறங்கியவர்கள் எல்லோரும் மலையடிவாரத்து அலிபிரிக்கு வண்டி தேட, நான் மட்டும் புத்தூர் பக்கம் போகக் கார் கேட்டேன். ஓட்டுநர் பாலாஜி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மலைக்கு போகலையா சார்? இவ்ளோ தூரம் வந்துட்டு மாங்கா பாக்கவா போறீங்க?"

"சாமி எங்கேயும் போகமாட்டார். பழம் போய்விடும்" என்றேன். போக வர இரண்டாயிரத்து ஐந்நூறு என்று முடிவானது. காத்திருப்பதற்குத் தனியாகக் கேட்கமாட்டேன் என்று அவரே சொன்னார்.

ஏழு மணிக்குப் புத்தூரில் இட்லி. அங்கிருந்து கார்வேட்டிநகரம் சாலையில் சுமார் பத்து கிலோமீட்டர். இரண்டு பக்கமும் மாமரம்தான். வீடு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

நான் பார்க்கப் போன தோட்டம் நூற்றிருபது ஏக்கர். உரிமையாளர் பெங்களூரில் இருக்கிறார். தோட்டத்தை நடத்துபவர் மேனேஜர் சேகர், பிச்சாட்டூர்க்காரர், வேளாண்மை படித்தவர், குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்கிறார். தோட்டத்தின் நடுவே ஓர் ஓடை. கோடையில் அதில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இந்தக் கரையில் கூழ் ஃபேக்டரிக்குப் போகும் கிளிமூக்கு மாங்காய். அந்தக் கரையில் வெளிநாட்டுக்கென்றே வளர்க்கும் பங்கனப்பள்ளி. மரங்களை ஆளுயரத்துக்கு மேல் விடாமல் வெட்டி, நெருக்கமாக வரிசை கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு காய்க்கும் பழுப்புக் காகிதத்தில் ஓர் உறை. பூச்சி அண்டாது, தோலில் கீறல் விழாது.

"நாலு மணிக்குக் குளிர்சாதன லாரி வருது சார். திருப்பதி பேக்கிங் கூடத்துக்கு முதல் லோடு" என்றார் சேகர். "இந்த லோடு போகலைன்னா அந்தப் பக்கம் மரத்தையெல்லாம் வெட்டிட்டு சோலார் போட்டுடுவேன்னு ஓனர் சொல்லிட்டாரு. அப்புறம் இங்க எனக்கு இன்னா வேலை?"

சென்னையில் என் வீட்டு மாடியிலும் சோலார் பலகை இருக்கிறது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

எட்டரை மணிக்கு அறுவடை தொடங்க வேண்டும். ஓடைக்கரைக்குப் போனால், காய் பறிக்க வந்த பெண்கள் எல்லோரும் இந்தப் பக்கமே நிற்கிறார்கள். கையில் மஞ்சள் காப்பு. மேஸ்திரி கன்னியம்மா முன்னால் வந்தார்.

"இன்னாக்கா, இங்கயே நின்னுக்கினு கீறீங்க?" என்றார் சேகர்.

"நேத்து சாயங்காலம் ஊர்ல கங்கையம்மா ஜாத்திரைன்னு பறையடிச்சு சாட்டு போட்டுட்டாங்க சாரு. ஜாத்திரை முடியற வரைக்கும் ஊர் எல்லை தாண்டக் கூடாது. எங்க எல்லை இந்த ஓடையோட சரி."

சேகர் தலையில் கைவைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்க ஊர்லயும் இதே வழக்கம்தான் சார். எங்களுக்கு அடுத்த வாரம் சாட்டு. இங்கயும் அப்பதான்னு நெனச்சிக்கினு லாரிக்கு நாள் குடுத்துட்டேன்."

மழை எப்போது வரும், மருந்து எப்போது நிறுத்த வேண்டும் என்றெல்லாம் பார்த்த மனிதர், பறை எப்போது அடிப்பார்கள் என்று கேட்க மறந்திருக்கிறார். எனக்கோ எரிச்சல். நாலு எட்டு வைத்தால் அந்தக் கரை, இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? வாயைத் திறக்கப் போனேன். பாலாஜி என் கையைப் பிடித்து அழுத்தினார். "வேணாம் சார். அது அம்மா விஷயம்."

"உங்க வேலை மட்டுமா சாரு போவும்?" என்றார் கன்னியம்மா. "அந்தக் கவர் அத்தனையும் நாங்க கட்டினது. மரம் போனா எங்க பொழப்பும் போச்சு." சொல்லிவிட்டு அவரே போனை எடுத்தார். அவர் தங்கை ரமணம்மாவைக் கொடுத்திருப்பது ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில். அங்கே இன்னும் சாட்டு போடவில்லை.

பத்து மணிக்கு ஒரு டிராக்டர் நிறையப் பெண்கள் எதிர்க்கரையில் வந்து இறங்கினார்கள். எல்லோரும் கூழ் மாங்காய் பறித்துப் பழகியவர்கள். கிளையை உலுக்கி, கிடைத்ததைப் பிடுங்கிப் போடுகிற கை. பங்கனப்பள்ளிக்கு அது ஆகாது. காம்பு ஒடிந்த இடத்தில் பால் பீறிட்டுத் தோலில் பட்டால் கறுத்துப்போகும். அந்தக் காய் கப்பல் ஏறாது.

கன்னியம்மா கரையில் நின்று கத்த ஆரம்பித்தார். "அடியே, புடுங்காதே! அறு! காம்பு ஒரு வெரல் நீளம் இருக்கட்டும்!"

"நீ வாய மூடிக்கினு இரு. நாங்க இன்னா மாங்காவே பாக்காதவளுங்களா?" என்று ரமணம்மா திருப்பிக் கொடுத்தார். அடுத்த காயின் காம்பு ஒடிந்து பால் அவர் ரவிக்கையில் தெறித்தது. இரண்டு கரையும் சிரித்தது. அதன்பின் அக்கா சொன்னபடி நடந்தது.

சேகர், பாலாஜி, நான் மூவரும் காய் நிறைந்த கிரேட்டுகளை ஓடையைத் தாண்டித் தூக்கி வந்தோம். என் இடுப்பு கழன்றுவிட்டது. இந்தக் கரைப் பெண்கள் நிழலில் உட்கார்ந்து காம்பை நறுக்கி, காய்களை வலைத்தட்டில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்கள். பால் தோலில் படாமல் நேரே தரையில் சொட்டியது. மதியம் புளிச்சோறு, தாங்கள் கட்டிக்கொண்டு வந்ததில் எங்களுக்கும் பங்கு கொடுத்தார்கள்.

நாலு மணிக்கு லாரி வந்தது, ஐந்தே காலுக்கு நிறைந்து போனது. நகரி மலைப் பக்கமிருந்து காயை உதிர்க்கும் காற்று கிளம்பும்போது மரத்தில் கொஞ்சம்தான் மீதி. எனக்கே விசிலடிக்கலாம் போலிருந்தது. சேகர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உரிமையாளரிடம் பேசிவிட்டு வந்தார்.

"ஓனரு இன்னா சொன்னாரு சாரு?" என்று கேட்டார் கன்னியம்மா.

"ரொம்ப சந்தோஷப்பட்டாருக்கா."

கேட் வரை சேகர் எங்கள் காரிலேயே வந்தார். பாதி வழியில் சொன்னார்: "திங்கக்கெழம சோலார்காரங்க அளக்க வராங்களாம் சார். போன வாரமே ஒப்பந்தம் போட்டுட்டாராம்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "லோடு போகவில்லையென்றால்தானே வெட்டுவேன் என்றார்?"

"சொன்னாரு."

"இதைக் கன்னியம்மாவிடம் சொல்லவில்லையே நீங்கள்?"

கேட் வந்ததும் சேகர் கார் கதவைத் திறந்து இறங்கினார். "ஜாத்திரை முடியட்டும் சார். காப்பு கட்டிக்கினு கீறவங்கள அழ வெக்கக் கூடாது."