தடம் விழாத நீலத் துண்டு

குறடு என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள். வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இந்தப் பெயரை அவளுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அவளுடைய வாய். ஒன்றைப் பிடித்தால் விடாது. "லேப்டாப் மேல ஒண்ணுமே கொட்டலைம்மா" என்று சத்தியம் பண்ணிய வக்கீல் ஒருவரிடம், கீபோர்டை மோந்து பார்த்துவிட்டு, "டீயில சர்க்கரையைக் குறைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள். அந்த வக்கீல் இன்றுவரை அவளைத்தான் கூப்பிடுகிறார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஒரு கம்பெனியின் சர்வீஸ் கவுண்டரில் இருந்தாள். அங்கே மேனேஜர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, பழுதின் காரணம் என்ற கட்டத்தில் 'பயன்படுத்தியவரின் தவறு' என்று எழுதிவிட வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதினார்கள். இவள் மட்டும் திருகாணியைக் கழற்றி, உள்ளே பார்த்து, பார்த்ததை எழுதினாள். ஒருநாள் மேனேஜர் ஒரு கட்டுப் படிவத்தை மேஜையில் போட்டு, இன்றைக்குள் எழுதி முடி என்றார். பார்க்காமல் எழுத எனக்குக் கை வராது என்று சொல்லிவிட்டு, தன்னுடைய ஸ்க்ரூடிரைவர் பையோடு வெளியே வந்தவள்தான். அந்தக் கதையை அவளே எல்லோரிடமும் சொல்வாள், கொஞ்சம் அதிகமாகவே சொல்வாள்.

எதையும் திறந்து பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. அந்தப் புத்திதான் அவளைக் கூடப்பிறந்தவனிடமிருந்து பிரித்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அண்ணிக்கு அவள் ஒரு கம்ப்யூட்டர் கட்டிக் கொடுத்தாள். அண்ணி வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவள். அவளுக்கென்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பாகமாக வாங்கினாள். திரையில் படத்தை உண்டாக்கும் கிராபிக்ஸ் கார்டைப் புத்தம்புதுசாக, பெட்டி பிரிக்காமல் வாங்கினாள். வாங்கியதை அப்படியே மாட்டியிருக்கலாம். சூட்டை இழுப்பதற்காக உள்ளே கம்பெனிக்காரன் பூசுகிற பசையில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. பிரித்து, பழைய பசையைத் துடைத்து, தன் பசையைப் பூசி, மூடினாள். யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணனோ தராசுகளுக்கு முத்திரை பார்க்கிற அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். முத்திரை உடைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறான், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த வேதம். ஒரு வருஷம் கழித்துத் தூசி தட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்தவர் கண்ணில், கார்டின் திருகாணிமேல் ஒட்டியிருந்த கம்பெனிச் சீட்டு கிழிந்திருந்தது பட்டுவிட்டது. வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. தங்கச்சி பழைய கார்டைப் புதுசு என்று நம் தலையில் கட்டிவிட்டாள் என்று முதலில் சொந்தக்காரர்களிடம் சொன்னார். அவளிடம் கடைசியில்தான் சொன்னார்.

பழசு என்ற அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அம்மா முன்னால், நான் திறக்கவே இல்லை, சீட்டை நீயே கிழித்திருப்பாய் என்று கத்தினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். அவர் சொன்னதில் பாதி பொய், இவள் சொன்னதில் பாதி பொய். இரண்டு பாதியும் சேர்ந்து ஆறு வருஷம் பேச்சில்லாமல் போயிற்று.

அம்மா இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அண்ணன் காலையில் வருவார், குறடு சாயங்காலம் போவாள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்க நேரம் பிரித்துக்கொண்டது அண்ணி வழியாகத்தான். அம்மா காலையில் வந்தவரிடம் மகளைக் கேட்டாள், சாயங்காலம் வந்தவளிடம் மகனைக் கேட்டாள். இருவரும் பேச்சை மாற்றினார்கள். கேட்டுக்கொண்டேதான் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

இப்படி இருக்கையில்தான் ஒரு வியாழக்கிழமை காலை அண்ணி போன் பண்ணினாள். வரைந்த வீட்டைத் திரையில் திருப்பிப் பார்த்தால் படம் முழுக்கக் கலர் கலராகச் சதுரம் விழுகிறது, பிறகு திரை கறுத்துப்போய் விசிறி அலறுகிறது, மறுநாள் மதியம் வரைபடம் கொடுக்க வேண்டும். "உங்க அண்ணனை நான் பார்த்துக்கறேன். நீ வந்துடு" என்றாள்.

போனாள். கூடத்தில் பேப்பரோடு உட்கார்ந்திருந்த அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவளைப் பார்க்காமல் மனைவியிடம் சொன்னார்:

"அவ வச்ச கொள்ளியை அவளே வந்து அணைக்கறாளாம்னு சொல்லு."

குறடு பையை இறக்கினாள்.

"அண்ணி, வேலை நடக்கிற இடத்துல ரேடியோ பாடக்கூடாதுன்னு சொல்லுங்க."

நடுவில் நின்ற அண்ணி அறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே பார்த்ததும் குறடுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கம்ப்யூட்டர் பெட்டி ஒரு மர அலமாரிக்குள், கதவு சாத்தி, மேலே மடித்த போர்வையோடு இருந்தது. காற்று உள்ளே போக வழியில்லை, சூடு வெளியே வரவும் வழியில்லை. தூசி படாமல் இருக்க அண்ணன் செய்த ஏற்பாடு, போன வருஷத்திலிருந்து இப்படித்தான் என்றாள் அண்ணி. வேறு ஆளாக இருந்தால் அப்போதே பையை மூடிக்கொண்டு, நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவளுக்கும் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பார்க்காமல் சொல்லிப் பழக்கமில்லை.

பெட்டியை வெளியே எடுத்து வைத்து, பக்கப் பலகையைக் கழற்றி, மின்விசிறிக்கு நேராக ஓடவிட்டாள். இருபதாவது நிமிஷம் சதுரம் விழுந்தது. கேபிளை மாற்றினாள். விழுந்தது. கையோடு கொண்டுபோன வேறு மானிட்டரை மாட்டினாள். அதிலும் விழுந்தது. பிறகு கார்டையே கழற்றி வைத்துவிட்டு, மதர்போர்டில் இருக்கும் துளையிலேயே மானிட்டரைச் செருகினாள். படம் மாடு மாதிரி மெதுவாக அசைந்தது, ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சதுரம்கூட விழவில்லை. கார்டைத் திரும்ப மாட்டியதும் பழைய குருடி கதவைத் திறடி என்று அதே சதுரங்கள்.

கார்டுதான் போயிருக்கிறது என்று அண்ணியிடம் மெதுவாகச் சொன்னாள். கூடத்தில் பேப்பர் புரளும் சத்தம் நின்றது. சுவருக்குக் காது உண்டோ இல்லையோ, அந்த மனுஷனுக்கு உண்டு.

ஆனால் ஒன்று அவளுக்கு இடித்தது. திரையில் காட்டிய சூடு அறுபத்தேழு டிகிரிதான். அது ஒன்றும் அதிகமில்லை. ஓடிக்கொண்டிருந்த கார்டின் முதுகில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லா இடத்திலும் வைக்க முடிந்தது. ஒரு மூலையில் மட்டும் சுரீர் என்று சுட்டு விரலை இழுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணிக்கு வேலை கொடுத்தவர்கள் போன் பண்ண, அவள் பால்கனிப் பக்கம் போனாள். குறடு கார்டைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து, நாலு திருகாணியை எடுத்து, சூட்டை இழுக்கும் உலோகத் தகட்டைத் தூக்கினாள்.

நடுவில் பெரிய சில்லு, சுற்றிலும் சின்னச் சின்ன மெமரி சில்லுகள். ஒவ்வொரு சின்னச் சில்லின் சூடும் தகட்டுக்குப் போய்ச் சேர, இடையில் மெத்தென்று ஒரு துண்டு வைப்பார்கள். கம்பெனி வைத்த சாம்பல் துண்டு ஒவ்வொன்றிலும் சில்லு அழுந்திய சதுரத் தடம் ஆழமாக விழுந்திருந்தது. அந்தச் சுட்ட மூலையில் மட்டும் துண்டு நீலமாக இருந்தது. அதில் தடமே இல்லை. வைத்த அன்று இருந்தது போலவே மழமழவென்று இருந்தது.

அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குப் பிரித்தபோது அந்த இடத்துத் துண்டு கிழிந்துபோயிற்று. பையில் இருந்த நீலத் துண்டில் கொஞ்சம் வெட்டி வைத்தாள். ஒரு முடி கனம் குறைச்சல் என்று தெரியும். போதும் என்று நினைத்தாள். போதவில்லை. அந்தச் சில்லு ஏழு வருஷமும் தகட்டைத் தொடாமலே தன் சூட்டில் தானே வெந்திருக்கிறது. சின்ன வேலைகளுக்குத் தாக்குப்பிடித்தது. அண்ணி இந்த வருஷம் பெரிய கட்டடங்களைத் திருப்பத் தொடங்கியதும் கை விரித்துவிட்டது.

நீலத் துண்டு அரை நகம் அளவுகூட இருக்காது. எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டால் போயிற்று. அவளுக்கு வெட்கம் வந்ததா என்றால், முதலில் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஆறு வருஷத்தில் அண்ணனை அவள் அவ்வளவு வெறுத்ததில்லை. அந்த ஆள் சரியாகப் பார்த்திருக்கிறார் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

அண்ணி போனை வைத்துவிட்டு வந்தாள். பிரித்துக் கிடந்ததைப் பார்த்தாள். பிறகு அலமாரியைப் பார்த்தாள்.

"இந்த அலமாரி வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். மூடி வச்சதாலதானே இப்படி ஆச்சு?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூடத்தில் இருக்கிறவர் சாகும்வரை வாயைத் திறக்க மாட்டார். பயன்படுத்தியவரின் தவறு. பதினோரு வருஷம் எழுத மாட்டேன் என்று அடம்பிடித்த வாக்கியம், இப்போது எச்சில் மாதிரி வாயில் ஊறி நின்றது. அதை நினைத்ததும்தான் அவளுக்கு வெட்கம் வந்தது. அந்த மேனேஜர் பக்கத்தில் நின்று சிரிப்பது போல இருந்தது.

"அண்ணே, இங்க வா" என்றாள்.

ஆறு வருஷத்தில் நேராகச் சொன்ன முதல் பேச்சு. அவர் உடனே வரவில்லை. பேப்பரை மடித்து, கண்ணாடியைத் தேடி, மெதுவாகத்தான் வந்தார். அவள் சின்ன இடுக்கியால் நீலத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"இதைத் திறந்தது நான்தான். சீட்டைக் கிழிச்சதும் நான்தான். இந்தத் துண்டு நான் வச்சது, மெல்லிசா வச்சுட்டேன். அதான் கார்டு போச்சு."

"அப்ப நான் அன்னைக்கே சொன்னது—"

"நீ சொன்னது பழசுன்னு. இது பழசு இல்லை. புத்தம்புதுசு. புதுசை நான் கெடுத்தேன். நீ திறந்தியான்னு கேட்கலை, ஏமாத்திட்டான்னு ஊருக்கெல்லாம் சொன்ன."

அண்ணி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் குனிந்து துண்டைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த சாம்பல் துண்டுகளின் தடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முத்திரை பார்த்துப் பழகிய கண். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எந்த வீட்டிலும் வேலை முடிந்தால் காரணம் எழுதிச் சீட்டு கொடுப்பது அவள் வழக்கம். எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'பழுது பார்த்தவரின் தவறு' என்று கொட்டை எழுத்தில் போட்டு மேஜைமேல் வைத்தாள். தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கார்டைக் கழற்றிக்கொண்டு சாயங்காலம் வருவதாக அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனாள். அண்ணி தலையை மட்டும் அசைத்தாள்.

சொன்னபடி வந்து மாட்டினாள். அண்ணி வரைந்த வீடு திரையில் சுற்றிச் சுற்றி வந்தது, ஒரு சதுரம் விழவில்லை. அலமாரியின் கதவை யாரோ கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். டீ தரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

செருப்பை மாட்டும்போது அண்ணன் வாசலுக்கு வந்தார். அவள் எழுதிய சீட்டு நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் இருந்தது. ஒரு மூலை வெளியே தெரிந்தது. இனி ஊர் முழுக்கக் காட்டுவார் என்று நினைத்துக்கொண்டு, அதற்கு ஒரு சூடான பதிலையும் தயார் பண்ணிக்கொண்டாள்.

"அம்மா இருந்தப்பவே இதைச் சொல்லியிருக்கலாம்" என்றார் அவர்.

தயார் பண்ணிய பதில் இதற்குப் பொருந்தவில்லை. நீயும் கேட்டிருக்கலாம் என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். மூன்றாவது படியில் கால் வைக்கும்போது, பின்னால் கதவு சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.