மோர்னிங்சைட் முகவரி

தொண்ணூறுகளின் நடுவில் ரொறொன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு சட்டத்தரணியிடம் உதவியாளராக இருந்தேன். யாழ்ப்பாணத்தில் நானும் சட்டத்தரணிதான். இங்கே அந்தத் தகுதி செல்லாது. அகதிக் குடும்பங்களுக்கு உதவும் ஒரு சங்கத்துக்கு, வருபவர்களின் விவரங்களை எப்படிக் காப்பது என்று விதிகள் எழுதிக் கொடுத்தவன் நான். அலுமாரிச் சாவி யாரிடம் இருக்க வேண்டும், தொலைபேசியில் விசாரிப்பவருக்கு எப்படி மறுப்பது என்றெல்லாம் எழுதினேன். அதில் எனக்குக் கர்வமும் இருந்தது.

கணவனின் அடி தாங்காமல் பிள்ளைகளோடு வந்த ஒரு பெண்ணைச் சங்கம் மோர்னிங்சைட் பகுதியில் குடியமர்த்தியது. அவளுடைய வழக்குப் பத்திரங்களைத் தயாரித்ததால் முகவரி எனக்குத் தெரியும். சங்கத்துக்கு வெளியே அதை அறிந்த சொந்தம் அவளுடைய அக்கா மட்டுமே.

ஒரு செத்தவீட்டில் பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். ஊரைக் கேட்டார், தகப்பனைக் கேட்டார், என் மனைவி வழியில் ஒரு உறவையும் பிடித்துவிட்டார். அதன் பிறகு அவர் எனக்கு மாமா. அந்தப் பெண்ணைத் தங்கள் பிள்ளை என்றார். குழந்தைகளுக்குக் குளிர் ஜக்கெற் வாங்கி வைத்திருப்பதாகச் சொல்லி, எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். நான் தயங்கினேன்.

"என்ன தம்பி, இஞ்ச வந்து வெள்ளைக்காரனாகிட்டீரோ?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தொலைபேசியில் என்றால் மறுத்திருப்பேன். உறவு கொண்டாடிய மனிதரிடம், நீங்கள் யாருடைய பக்கம் என்று கேட்க வாய் வரவில்லை. மோர்னிங்சைட்டில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள உயரக் கட்டிடம் என்று சொன்னேன். அவர் அவளுடைய கணவனின் சித்தப்பா என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கிழமை முடியுமுன்பே கணவன் கட்டிட வாசலில் காத்து நின்றான். பிள்ளைகள் பார்த்திருக்க அவளுடைய கையை முறித்தான்.

விவரம் எங்கள் பக்கத்திலிருந்து போயிருந்தால் சட்டப்படி அவளிடம் சொல்ல வேண்டுமா என்று சங்கத்து நிர்வாகி என்னிடம் கேட்டார். அரசு அலுவலகங்களுக்குத்தான் அப்போது விவரக் காப்புச் சட்டம் இருந்தது. இப்படிப்பட்ட சங்கங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அது உண்மை. எங்களிடமிருந்து போனதற்கு ஆதாரம் இல்லை என்றும் சேர்த்து எழுதினேன். அது பொய்.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவள் வந்து என் முன்னால் அமர்ந்தாள்.

"அக்காதான் சொல்லியிருக்கிறா, அங்கிள். வேற ஆருக்குத் தெரியும்? தான் சொல்லேல்லையெண்டு கதவடியில நிண்டு சத்தியம் பண்ணினவ. நான் திறக்கேல்லை."

அறையில் வேறு யாரும் இல்லை. சொல்வதற்கு அவகாசம் இருந்தது. நான் பேனாவைத் தேடினேன்.

"புது அட்ரஸ் உங்களிட்டத் தாறன். அக்கா கேட்டாலும் சொல்லக்கூடாது."

"ஓம் பிள்ளை, சொல்லமாட்டன்."

சில மாதங்களின் பின் அக்கா வந்தாள். முகவரிகூட வேண்டாம், தங்கை சுகமாக இருக்கிறாளா என்று மட்டும் சொன்னால் போதும் என்று அழுதாள். நான் எழுதிய விதியைக் காட்டி, அதையும் மறுத்து அனுப்பினேன்.