வேண்டாம் என்ற பொத்தான்

கும்பகோணம் சாலையை அடைவதற்குள் செருப்பு வார் அறுந்துவிட்டது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். திரும்பிப் போய் அண்ணனின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். அவருக்கு இனி அது அதிகம் தேவைப்படாது. ஆனால் அந்த வீட்டுக்குள் மறுபடி நுழைய எனக்கு முகமில்லை.

பக்கவாதத்தில் அண்ணனுக்குப் பேச்சும் வலது கையும் போனபின், ஆஸ்பத்திரியில் ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். படத்தைத் தொட்டால் அது பேசும். சொற்களை வீட்டு ஆள் ஒருவர் பதிவு செய்யவேண்டும். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்த நான் செய்தேன். பசிக்குது, வலிக்குது, வேண்டாம், சரி, வாங்க. ஒன்பதாவது வரை படித்தவனுக்கு அது பெரிய வேலையில்லை.

அண்ணனுக்குப் பிடித்தது 'வேண்டாம்'தான். கஞ்சிக்கு, மாத்திரைக்கு, கைப்பயிற்சிக்கு, எல்லாவற்றுக்கும் வேண்டாம், என் குரலில்.

"வாய் இருந்தப்பகூட இவ்வளவு வேண்டாம் சொன்னதில்ல," என்றார் அண்ணி. "உங்க குரல் ராசி, தம்பி."

பத்து நாள் பொறுத்தேன். ஒரு காலை, மாத்திரையோடு நின்று நின்று அலுத்துப்போய், அந்தப் பொத்தானை அழித்துவிட்டேன். பக்கத்திலிருந்த 'சரி' நகர்ந்து அதன் இடத்துக்கு வந்தது. அண்ணன் படம் பார்த்துத் தொடுவதில்லை, இடம் பார்த்துத் தொடுவார். "சரி," என்றது டேப்லெட். அவர் திகைத்திருக்கும்போதே மாத்திரையை வாயில் போட்டேன்.

அன்று மதியம் நிலத்துக்காரர் வந்தார். அவருடைய ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தை அண்ணன் இருபது வருஷமாகக் குத்தகைக்குச் செய்துவந்தார்.

"இந்த உடம்போட எப்படிப்பா சம்பா செய்வ? வேற ஆளுக்கு விட்டுடட்டுமா?"

அண்ணனின் இடது விரல் பழைய இடத்துக்குப் போனது. சரி. மறுபடி அழுத்தினார். சரி. சரி.

"தெளிவாத்தான் இருக்கே," என்றார் நிலத்துக்காரர்.

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் சொல்ல வந்தது அது இல்லைங்க என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். நிலம் தங்கினால் சேற்றில் இறங்கப்போவது நான்தான். நிலத்துக்காரரை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன்.

கொல்லையிலிருந்து வந்த அண்ணியிடம், அண்ணனே ஒத்துக்கொண்டார் என்றேன். பொத்தானைத் திரும்பப் போட்டு டேப்லெட்டை அண்ணன் மடியில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை மன்னார்குடிப் பக்கம் ஒரு வயலில், நாற்றுக்கட்டு சுமக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"சேறு பழக்கமா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"பழக்கம்தாங்க," என்று சொல்லி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.