செவலையின் கயிறு

போன ஞாயிற்றுக்கிழமை நாகமலையில் பாறை ஏறப் பழகப் போயிருந்தேன். பயிற்சி தரும் பெண் என் இடுப்புப் பட்டையில் கயிற்றைக் கட்டியதும், என்னையறியாமல் அதை மோந்து பார்த்தேன். பிளாஸ்டிக் வாடைதான் அடித்தது.

நான் முதலில் பிடித்த கயிறு மாட்டு வியர்வையும் சாணியுமாக மணக்கும். அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் குன்று. அதன் செங்குத்துப் பாறையில் இறங்கிப் பார்க்க அக்காவுக்கு ஆசை. ஜல்லிக்கட்டுக்காக அப்பா வளர்த்த செவலைக் காளையின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

"அது எங்கயும் போகாது. நீ வாடி."

பின்பக்கமாகச் சுற்றி ஏறி, உச்சி மரத்தில் கயிற்றைக் கட்டினோம். முதலில் நான் இறங்கினேன், எனக்கு மேலே அக்கா. பாதியில் காலுக்குக் கீழே புஸ்ஸென்று மூச்சு கேட்டது. செவலை நின்றது. தினமும் பருத்திக்கொட்டை வைக்கும் அக்காவைத் தேடி வந்திருக்கிறது. அவளையும் அப்பாவையும் தவிர யாரையும் அது அண்டவிடாது. எனக்குக் கை வழுக்கத் தொடங்கியது.

அப்பா மூச்சிரைக்க ஓடிவந்தார். துண்டை அதன் கழுத்தில் போட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டு எங்களை அண்ணாந்து பார்த்தார். அடி நிச்சயம் என்று நினைத்தேன்.

"பைய எறங்குங்க. அந்தக் கயிறு வேணும், மாட்டக் கட்டணும்."

நாகமலையில் பாதிப் பாறை ஏறியதும் குனிந்து கீழே பார்த்தேன்.

"என்னக்கா, பயமா இருக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"இல்லம்மா. கீழ மாடு ஏதும் நிக்குதான்னு பாத்தேன்."